பிள்ளைகளைக் காக்க எடுத்த படங்கள்

குழந்தைகளை ஆபத்திலிருந்து காக்கவேண்டும் என்னும் ஒரே உத்தேசத்தோடு எடுக்கப்படும் சிறு படங்களுக்கு நம் நாட்டில் விமரிசனம் என்ற ஒன்று அநேகமாக இல்லை. நீண்ட கதைப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழியெல்லாம் அதன் குற்றங்குறைகளை அலசிப் பேசும் நாம், பள்ளிக்கூடத்துத் திரையில் பத்து நிமிஷம் ஓடி முடியும் பாதுகாப்புப் படத்தைக் கண்டவுடன், எடுத்தவரின் நல்லெண்ணத்தை முன்னிட்டு, அது சொல்லவேண்டியதைச் சொல்லிற்றா, சொல்லத் தகாத எதையேனும் சொல்லிவிட்டதா என்ற கேள்விகளையெல்லாம் விழுங்கிவிடுகிறோம். கதைப்படத்தின் பொய்யைப் பெரியவர்கள் பொய்யென்று அறிவார்கள். பாதுகாப்புப் படம் சொல்வதையோ குழந்தை மெய்யென்று நம்பி, ஆபத்து வேளையில் அதன்படி நடக்க முற்படும். ஆதலின் மற்ற எந்தப் படத்தைக் காட்டிலும் கடுமையான பரீட்சைக்கு உரியது இந்த வகைப் படமே. அந்தப் பரீட்சையில் அது தவறியதைச் சுட்டிக்காட்டும்போது, எடுத்தவர் தரும் பதில் எத்தன்மையது என்பதும் சேர்த்து ஆராயத் தக்கது.

இதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டில், பாகிஸ்தானின் கராச்சி நகரத்தில், காணாமற்போன குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்னும் தொண்டு நிறுவனத்துக்காக ஒரு விழிப்புணர்வுப் படம் எடுக்கப்பட்டது. தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள். கண்மூடித் திறப்பதற்குள் ஒரு சிறுவனை வாரித் தூக்கிக்கொண்டு வண்டி பறக்கிறது. மற்றப் பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடுகிறார்கள். தெருமுனையில் பொருத்திய கண்காணிப்புக் காமிராவில் தற்செயலாகப் பதிவானது போலவே இது படமாக்கப்பட்டிருக்கிறது. சற்று நேரத்தில் அதே வண்டி திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிடுகிறது. வந்தவர்களில் ஒருவர் ஓர் அட்டையை விரித்துக் காட்டுகிறார். கராச்சித் தெருக்களில் ஒரு குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும், உங்கள் பிள்ளைகளின்மேல் கண்ணாயிருங்கள் என்பது அதன் கருத்து. இந்தக் கடைசிக் காட்சி வரும்வரையில், பார்ப்பவருக்கு இது நடிப்பு என்று அறிய யாதொரு அடையாளமும் இல்லை.

இரண்டாண்டு கழித்து, யாரோ அந்தக் கடைசிக் காட்சியை வெட்டி எறிந்துவிட்டு, முதற்பகுதியை மட்டும் வாட்ஸ்அப்பில் உலவவிட்டார்கள். இந்தியாவெங்கும் அந்தந்த வட்டார பாஷையில் ஓர் எச்சரிக்கைச் செய்தியோடு அது பரவிற்று. நூற்றுக்கணக்கான வடநாட்டார் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் ஊர் ஊராகப் பாய்ந்தது. பூச்சாண்டி, பிள்ளை பிடிக்கிறவன் என்று சொல்லியே சோறூட்டப்பட்டு வளர்ந்த நம் ஜனங்களுக்கு, அந்தப் பழைய பயம் இப்போது கண்ணால் கண்ட சாட்சியாகக் கைக்கு வந்து சேர்ந்தது. 2018 மே மாதத்தில், நம் செங்கல்பட்டுக்கு மேற்கே போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிச் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தார் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள் என்பதற்காகக் கூட்டம் கூடி அடித்ததில், 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அதே சமயத்தில் வடக்கே பழவேற்காட்டில் முன்பின் தெரியாத ஒரு மனிதரைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அவ்வாண்டு நாடு முழுவதும் இவ்வாறு இறந்தோர் இருபதுக்கு மேற்பட்டவர். ஜூலை மாதத்தில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை இந்தியாவில் ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் அனுப்ப இயலாதபடி வரம்பு கட்ட நேர்ந்தது.

இச்செய்தி கராச்சிக்கு எட்டியபோது, படத்தோடு சம்பந்தப்பட்டவர்கள் வேதனையோடு பேசினார்கள். குழந்தைகளைக் காக்க எடுத்த படம் அப்பாவிகளின் உயிரைக் குடிக்கக் கருவியாயிற்றே என்று மனம் நொந்தார்கள். அந்த வேதனை உண்மையானது. வெட்டி ஒட்டியவனின் பாவத்தை அவர்கள்மீது சுமத்துவது நியாயமுமன்று. எனினும், படம் திரிக்கப்பட்டது என்பதோடு விசாரணையை முடித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. அவ்வளவு சுலபமாகத் திரிக்க இடங்கொடுத்தது அந்தப் படத்தின் அமைப்பே அல்லவா? அச்சம் முழுவதும் முன்பகுதியில், விளக்கம் முழுவதும் கடைசிச் சில வினாடிகளில் என்று இரண்டையும் தனித்தனியே வைத்துக் கட்டிய படம், வால் அறுந்தவுடன் வேறு ஜந்துவாக மாறிவிடுகிறது. மேலும், முழுப் படத்தையும் பார்த்த குழந்தைக்கேனும் அது என்ன கற்றுக் கொடுத்தது? வண்டியில் வந்து தூக்கிச் செல்வார்கள் என்ற திகிலைத் தவிர, அப்படி நேர்ந்தால் எப்படிக் கத்துவது, யாரிடம் ஓடுவது, வண்டியின் எந்த அடையாளத்தை நினைவில் வைப்பது என்று ஒரு வார்த்தை உண்டா? பெரியவர்களை நோக்கி எடுத்த எச்சரிக்கை அது. அதில் குழந்தை பந்தயப் பொருளாக மட்டுமே வந்துபோகிறது.

இந்தக் குறை கராச்சியில் பிறந்ததன்று. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 1949-ஆம் ஆண்டின் இறுதியில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி கொலையுண்டாள். நடிகர் ஜான் வேனுக்குப் பதிலாளாக நின்று பிழைத்துவந்த சிட் டேவிஸ் என்பவர், அந்நியரைப் பற்றித் தம் மகளுக்கு எவ்வளவு எடுத்துச் சொல்லியும் அவள் காதில் ஏறவில்லையே என்று ஜான் வேனிடம் குறைப்பட்டுக்கொள்ள, அவர் கொடுத்த ஆயிரம் டாலர் கடனில் 'தி டேஞ்சரஸ் ஸ்ட்ரேஞ்சர்' என்ற படத்தை 1950-இல் எடுத்தார். அது பள்ளிகளிலும் காவல் நிலையங்களிலும் விலைபோகவே, அவர் அதையே தொழிலாக்கிக்கொண்டு நூற்றைம்பதுக்கு மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளினார். பேச்சை நேரே பதிவு செய்யச் செலவாகுமென்று, பெரும்பாலும் ஊமைப் படமாக எடுத்து, பிற்பாடு ஒரே குரலில் உபதேசத்தை மேலே ஒட்டுவது அவர் முறை. நடித்தவர்களில் அவர் மகளும் உண்டு. அந்தக் குரல் குழந்தையோடு பேசுவதில்லை. குழந்தைக்கு நேரப்போகும் கதியை அறிவிக்கிறது. கத்தரிக்கோலோடு ஓடிய சிறுமி விழுகிறாள், பாறைமேல் ஏறிய பையன் சறுக்குகிறான், அந்நியன் காரில் ஏறிய பிள்ளை வீடு திரும்புவதில்லை. கீழ்ப்படியாமைக்குத் தண்டனை விபத்து என்பதே அந்த உலகத்தின் நியதி.

மலிவாக எடுத்தது ஒரு குற்றமாகாது. பணமில்லாதவன் நல்ல படம் எடுக்கலாம். டேவிஸின் பெரிய பிழை, ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதையே தவறாகக் காட்டியதுதான். இங்கிள்வுட் நகரத்துக் காவல் துறையின் ஒத்துழைப்போடு 1961-இல் அவர் எடுத்த 'பாய்ஸ் பிவேர்' என்ற படம், ஒருபால் விருப்பமுடையவர் அனைவரையும் குழந்தைகளைக் கெடுக்கும் நோயாளிகளாகச் சித்தரித்து, ஒரு தலைமுறையின் மனத்தில் விரோதத்தை விதைத்தது. அதே சமயத்தில், வீட்டுக்குள்ளும் உறவுக்குள்ளும் பள்ளிக்குள்ளும் இருந்த ஆபத்தை அது கண்ணில் படாதபடி மறைத்தது. இத்தனைக்கும் அவர் பின்னாளில் கூறிவந்த சமாதானம், முதற் படம் பிறந்த கதைதான்: தகப்பனின் கவலை. அந்தக் கவலையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கவலைப்பட்டவர் என்பதால் ஒருவர் சொன்னது சரியாகிவிடாது. இத்தகைய படங்களை எடுத்தவர்கள் எந்த நாட்டிலும் குறைகூறப்படும்போது சொல்லும் வார்த்தை ஒன்றே: ஒரே ஒரு குழந்தை இதனால் தப்பித்தாலும் போதும். கேட்பதற்கு மறுக்க முடியாததுபோல் இருக்கும் இந்த வாதத்தில், தப்பித்த குழந்தையை யாரும் எண்ணிக் காட்டவேண்டியதில்லை. அந்நியன்மீது மட்டும் கண்வைத்துப் பழகி, அடுத்த அறையில் இருந்தவனிடம் அகப்பட்ட குழந்தைக்கு யாரும் பதில் சொல்லவேண்டியதுமில்லை.

பயமுறுத்தும் மார்க்கத்தை, டேவிஸ் போலன்றி, மிகுந்த கலைத்திறனோடு கையாண்டவர்களும் உண்டு. பிரிட்டிஷ் ரயில்வேக்காக ஜான் கிரிஷ் 1977-இல் எடுத்த 'தி ஃபினிஷிங் லைன்', தண்டவாளத்தின்மேல் பள்ளி விளையாட்டு விழா நடப்பதுபோல் ஒரு சிறுவனின் கற்பனையாக விரிகிறது. வேலியை உடைத்தல், ரயில்மேல் கல்லெறிதல், வரும் ரயிலுக்கு முன்னால் கடைசியாகத் தாண்டுதல் என்று போட்டிகள் நடந்து, குழந்தைகளின் சடலங்கள் வரிசையாகக் கிடத்தப்படுவதில் முடிகிறது. பிஞ்சு மனத்துக்கு இது தாங்காது என்றும், துணிச்சற்காரப் பையன்களுக்கு இதுவே யோசனை கொடுத்துவிடும் என்றும் எழுந்த எதிர்ப்பில் 1979-இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டு, 'ராபி' என்ற மென்மையான வேறொரு படம் அதன் இடத்துக்கு வந்தது. கிரிஷின் படம் மோசமான படமென்று என்னால் சொல்ல முடியாது. சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை ஓடும் மின்சார ரயில் பாதையில், மேம்பாலம் இருக்கத் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டும் மாணவர்களைப் பார்க்கும்போது, அத்தகைய அதிர்ச்சி ஒருதரம் வேண்டும்போலும் என்றுகூடத் தோன்றுகிறது. ஆயினும் எந்த வயதினருக்கு, யார் அருகில் இருக்கையில் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை காணாமல் அதைக் காட்டலாகாது.

தண்டவாளத்தையாவது கண்ணால் காணலாம். இனிச் சொல்லப்போகும் ஆபத்துக்கு அந்த வசதியும் இல்லை. மத்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் நல அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் விசாரிக்கப்பட்ட குழந்தைகளில் 53 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்பத்துக்கு உள்ளானதாகக் கூறினர். துன்புறுத்தியவரில் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர் அல்லது அதன் நம்பிக்கைக்குப் பாத்திரமானவர். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின்கீழ்ப் பதிவாகும் வல்லுறவு வழக்குகளில், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, பத்தில் ஒன்பதுக்கு மேல் தெரிந்தவரே குற்றவாளி. இந்த உண்மையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, இருட்டில் நிற்கும் முகமூடிக்காரனையே வில்லனாகக் காட்டும் படம், ஆபத்தின் திசையைத் தவறாகக் காட்டும் படமாகும்.

நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று நம் பள்ளிகளில் இப்போது வழங்கும் பாடத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் கார்டீலியா ஆண்டர்சன் என்பவர் 1977-இல் வகுத்த முறையில், அன்பான தொடுதலுக்கும் கொடிய தொடுதலுக்கும் இடையே, குழப்பம் தரும் தொடுதல் என்ற ஒரு நடுப்பகுதி இருந்தது. பிற்காலத்தில் பாட்டாகவும் பொம்மைப் படமாகவும் சுருங்கியபோது அந்த நடுப்பகுதி பலவற்றில் உதிர்ந்துபோயிற்று. குழந்தை உண்மையில் தவிப்பதோ அங்கேதான். மாமா மடியில் வைத்துக் கொஞ்சும்போது முதலில் சுகமாகத்தான் இருக்கிறது. டாக்டர் ஊசி போடும்போது வலிக்கத்தான் செய்கிறது. சுகமாயிருந்தால் நல்லது, வலித்தால் கெட்டது என்று கற்ற குழந்தை, எதை நம்பும்? பிற்பாடு தான் தடுக்கவில்லையே என்று தன்னையே நொந்துகொள்ளும் நிலைக்கும் அது வந்துவிடும். இளங்குழந்தைகளிடம் உணர்ச்சியைக் கேட்பதைவிடத் தெளிவான விதியைச் சொல்லிக் கொடுப்பதே பயன் தருகிறது என்பதை 1980-களிலேயே அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்துக் கண்டார்கள். உள்ளாடை மறைக்கும் இடங்களை, குளிப்பாட்டவோ வைத்தியம் பார்க்கவோ அன்றி, எந்தப் பெரியவரும் தொடவோ பார்க்கவோ கூடாது; அப்படிச் செய்து ரகசியமாக வைத்துக்கொள் என்றால், அந்த ரகசியத்தைக் காக்கவேண்டியதில்லை. இவ்வளவே விதி.

சைல்டுலைன் அமைப்பு வெளியிட்ட 'கோமல்' என்னும் சித்திரப் படம் இந்த வகையில் ஒரு நல்ல முன்னேற்றம். பத்து நிமிஷ அளவுள்ள அதில், ஏழு வயதுச் சிறுமிக்குத் தீங்கு செய்பவர் அந்நியரல்லர். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து, பெற்றோரோடு சிநேகமாகி, குழந்தையின் அன்பையும் சம்பாதித்துக்கொண்ட மனிதர். குழந்தையின் கலகலப்பு மறைந்து மௌனம் படர்வதைப் பெரியவர்கள் கவனிக்க வேண்டும் என்ற பாடமும் அதில் உண்டு. என்றாலும், கத்து, ஓடு, சொல் என்னும் மூன்று கட்டளைகளை 2012-இல் 'சத்யமேவ ஜயதே' தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து இன்று வரை எத்தனையோ பேர் திரும்பத் திரும்பக் கூறக் கேட்கும்போது, எனக்கு ஒரு கேள்வி எழாமலில்லை: ஓடிச் சேரவேண்டிய வீடே ஆபத்தின் இடமாயிருந்தால்? தம்மிடம் வந்து சொன்னபின் அடக்கிவிடும் பெற்றோராயிருந்தால்? குழந்தை செய்யவேண்டியதைச் சொல்லும் ஒவ்வொரு படத்துக்கும், பெரியவர் செய்யவேண்டியதைச் சொல்லும் இன்னொரு பாதி வேண்டும். குற்றத்தை அறிந்தவர் தெரிவித்தே தீரவேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. அதை எத்தனை பெற்றோர் அறிவார்கள்? சென்னையில் 2004 முதல் குழந்தைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்க உழைத்துவரும் துளிர் அமைப்பைப் போன்றவை இந்தப் பொறுப்பைக் குழந்தையின் தலையில் மட்டும் ஏற்றாமல் பெரியவர்களிடமும் கொண்டுசேர்க்க முயல்வது போற்றத் தக்கது. 24 ஆய்வுகளையும் அவற்றில் பங்குபெற்ற 5,802 குழந்தைகளையும் தொகுத்து 2015-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, பள்ளிப் பாடங்களால் குழந்தைகளின் அறிவும் தற்காப்புத் திறனும் கூடுகின்றன, அச்சம் கூடுவதில்லை என்று கண்டது. குற்றம் குறைகிறதா என்பதை நிரூபிக்க அதற்குப் போதிய சான்று அகப்படவில்லை. குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்ததோடு நம் கடமை தீர்ந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

குறை சொல்லப்பட்டால் எடுத்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காரர்களை நான் முன்மாதிரியாகச் சொல்வேன். 1969-இல் தொடங்கிய நாள்முதலே, எட்வர்ட் பாமர் என்ற ஆராய்ச்சியாளர், குழந்தையின் எதிரே தொலைக்காட்சியை வைத்து, பக்கத்தில் ஏழரை வினாடிக்கொரு முறை மாறும் வண்ணப் படங்களையும் வைத்து, எந்தக் கட்டத்தில் குழந்தையின் கண் நிகழ்ச்சியை விட்டு அகல்கிறது என்று குறித்துக்கொள்வார். அந்தக் கட்டம் மறுபடி எழுதப்படும். அந்த நிகழ்ச்சியில் யானையைப் போன்ற ஒரு பெரிய பாத்திரம் உண்டு. குழந்தை மனமுள்ள ஒரு பறவைப் பாத்திரத்துக்கு மட்டுமே அது தென்படும், பெரியவர்கள் நம்பமாட்டார்கள். பல ஆண்டு வேடிக்கையாக ஓடிய இந்தக் கதை, தனக்கு நேர்ந்ததைச் சொன்னால் பெரியவர்கள் நம்பமாட்டார்கள் என்ற எண்ணத்தைத் துன்புற்ற குழந்தைகளிடம் வளர்த்துவிடுமே என்ற கவலை எழுந்ததும், 1985-இல் பெரியவர்கள் எல்லாரும் அதைக் கண்ணால் கண்டு, பறவையிடம் வருத்தம் தெரிவிக்கும்படி கதையை மாற்றிவிட்டார்கள். 1992-இல் பெற்றோர் பிரிவதைப் பற்றி முழுதாக எடுத்து முடித்த ஒரு பகுதியைச் சிறு குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டியபோது, அவர்கள் கலங்கிப்போய், தாய் தந்தையர் சண்டையிட்டாலே பிரிந்துவிடுவார்கள் என்று புரிந்துகொண்டதைக் கண்டு, அதை ஒளிபரப்பாமலே கைவிட்டார்கள். செலவான பணத்தையோ, எடுத்தவரின் மனவருத்தத்தையோ அவர்கள் காரணமாகக் காட்டவில்லை. நம் நாட்டுக்கும் இது புதிதன்று. 1975-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் விண்வெளித் துறையார் நடத்திய தொலைக்காட்சித் திட்டத்தில், கிராமத்தாரிடம் கேட்டறிந்தே நிகழ்ச்சிகள் அமைக்கப்பட்டன.

நல்ல பாதுகாப்புப் படம் என்ன செய்யும் என்பதற்கு, மாமல்லபுரத்துக் கடற்கரையோடு தொடர்புள்ள ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆழிப்பேரலை வருமுன் மாமல்லபுரத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்க, என்றும் காணாத பாறைகளும் பழைய கட்டடச் சிதைவுகளும் வெளிப்பட்டன. தொல்லியல் துறையார் பிற்பாடு அவ்விடத்தை ஆராய்ந்தார்கள். கடல் அப்படி உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடவேண்டும் என்பதை அன்று நம் கரையில் எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. கல்பாக்கம் உட்பட இந்தக் கரை நெடுகிலும் உயிர்கள் போயின. அதே காலையில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், மைக்காவோ கடற்கரையில், டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி, தண்ணீர் நுரைத்துக்கொண்டு, பின்வாங்காமல் மேலே மேலே வருவதைக் கண்டு, ஆழிப்பேரலை வரப்போகிறது என்று கூவினாள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் அவளுடைய பூகோள ஆசிரியர், 1946-இல் ஹவாய்த் தீவுகளைத் தாக்கிய அலையின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை வகுப்பில் காட்டி விளக்கியிருந்தார். பெற்றோர் முதலில் நம்பவில்லை; அவள் விடவில்லை; கடற்கரை காலியாயிற்று; நூறு பேர் வரை தப்பினர். அந்தப் பழைய படத்தில் கதையில்லை, அழுகையில்லை, பயமுறுத்தும் குரலில்லை. அபாயத்தின் அடையாளத்தைக் காட்டிற்று. ஆசிரியர் அதை விளக்கினார். சிறுமி அடையாளத்தைக் கண்டாள், செய்யவேண்டியதைச் செய்தாள்.

இன்று செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வேண்டிய படங்கள் இத்தகையவையே. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையிலுள்ள கரையில் 'கடலில் குளிக்காதீர்' என்ற பலகைகள் உண்டு. ஆனால் அலை ஓய்ந்தாற்போல் தோன்றும் இடத்திலேயே கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் இருக்கும் என்பதையும், அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல் மிதந்தபடி கையைத் தூக்கி, பக்கவாட்டில் நீந்தி வெளியே வரவேண்டும் என்பதையும் எந்தப் பலகையாலும் காட்ட முடியாது, படத்தால் முடியும். கல்குவாரிக் குட்டையிலும் மணல் அள்ளிய பாலாற்றுக் குழியிலும் ஒரு பையன் மூழ்கினால், தூக்கப்போன இன்னொருவனும் மூழ்குவதைப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். குதிக்காதே, கரையில் நின்றபடி வேட்டியையோ புடவையையோ வீசு, மூடிய காலிக் குடத்தை எறி, கூச்சலிட்டு ஆள் கூட்டு என்று செய்து காட்டுவதற்கு ஒரு லட்சம் ரூபாய் வேண்டியதில்லை. ஒரு குளமும், நீந்தத் தெரிந்த இருவரும், நேர்மையான காமிராவும் போதும். 5 வயதுமுதல் 14 வயதுவரை உள்ளவர்களின் மரணத்துக்கு உலகெங்கும் மூன்றாவது பெரிய காரணம் நீரில் மூழ்குதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2024-இல் கூறியிருக்கிறது. ஏரிகளும் கடலும் சூழ்ந்த இந்த மாவட்டத்தில் அது வெறும் உலகக் கணக்கன்று. மீனவக் குப்பங்களின் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றி நகரத்துப் படக்காரரைவிட அதிகம் தெரியும். அவர்களைக் கலந்துகொள்ளாமல் அந்தக் கரையைப் பற்றிப் படம் எடுப்பது பெரும் பிழை.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைக் காட்டி, பிறகு மாணவர்களைப் பேசவைக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பாதுகாப்புப் படங்களுக்கும் அந்த வழக்கத்தைக் கட்டாயமாக்க வேண்டுமென்று ஆசிரியர்களையும் கல்வித் துறையாரையும் வேண்டிக்கொள்கிறேன். படம் முடிந்தவுடன் மணியடித்து அனுப்பிவிடாதீர்கள். என்ன கண்டாய், அப்படி நேர்ந்தால் என்ன செய்வாய், யாரிடம் சொல்வாய், அவர் நம்பாவிட்டால் அடுத்து யாரிடம் சொல்வாய் என்று கேளுங்கள். 1098, 14417 என்ற உதவி எண்களைத் தாமாகச் சொல்லும்வரை விடாதீர்கள். பிள்ளைகளின் பதில் தவறாயிருந்தால் அந்தத் தவறு பிள்ளைகளுடையதன்று. அதை அப்படியே எழுதிப் படம் எடுத்தவருக்கு அனுப்புங்கள். படம் எடுக்கும் நண்பர்களே, அந்தக் கடிதம் வரும்போது உங்கள் நல்லெண்ணத்தை எடுத்துச் சொல்லிப் பதில் எழுதாமல், படத்தைத் திருத்தி அனுப்புங்கள்.